புதியவர்களின் வேலையை இயந்திரம் செய்யும்போது

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பொருளியலாளர் எரிக் பிரின்யோல்ஃப்சன் பங்கேற்ற இரண்டு ஆய்வுகளை அடுத்தடுத்துப் படித்தால் கொஞ்சம் குழப்பமாக இருக்கும். முதலாவது 2023-ல் வெளிவந்தது. ஒரு மென்பொருள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் வேலை பார்த்த 5,000-க்கும் மேற்பட்டவர்களைப் பற்றியது. வாடிக்கையாளருடன் சாட்டில் பேசிக்கொண்டிருக்கும்போதே 'இப்படிப் பதில் சொல்லலாம்' என்று திரையில் யோசனை காட்டும் ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவி அவர்களுக்குப் படிப்படியாகத் தரப்பட்டது. ஒரு மணி நேரத்தில் அவர்கள் தீர்த்துவைத்த பிரச்சினைகளின் எண்ணிக்கை சராசரியாக 14 சதவீதம் கூடியது. புதியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 30 சதவீதத்துக்கும் மேல். சேர்ந்து இரண்டு மாதமே ஆனவர், கருவியின் துணை இருந்தால், அது இல்லாமல் ஆறு மாதம் அனுபவப்பட்டவருக்கு இணையாக வேலை செய்தார். கைதேர்ந்தவர்களுக்குப் பெரிய பயன் எதுவும் இல்லை.

இரண்டாவது ஆய்வு 2025 ஆகஸ்டில் வந்தது. அமெரிக்காவில் லட்சக்கணக்கானவர்களுக்குச் சம்பளக் கணக்குப் பார்க்கும் ஏடிபி நிறுவனத்தின் பதிவுகளை வைத்துச் செய்தது. செயற்கை நுண்ணறிவின் தாக்கம் அதிகமுள்ள தொழில்களில், 22 முதல் 25 வயதுக்குட்பட்டவர்களின் வேலைவாய்ப்பு 2022-ன் இறுதிக்குப் பிறகு மற்றவர்களோடு ஒப்பிட 13 சதவீதம் சரிந்திருந்தது. மென்பொருள் எழுதும் வேலையில் அந்த வயதுக்காரர்களின் எண்ணிக்கை, உச்சத்திலிருந்து ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்துவிட்டது. அதே தொழில்களில் அனுபவசாலிகளுக்கு அப்படி ஒரு சரிவு இல்லை.

ஆக, கருவியால் அதிகம் பயன்பெறுபவர் புதியவர். வேலையை அதிகம் இழப்பவரும் புதியவர்தான். இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாகும்?

சேவைப் பிரிவில் இருந்த கருவி எதிலிருந்து கற்றது என்று பார்த்தால் விடை தெரியும். அது அந்த நிறுவனத்தின் பழைய உரையாடல்களிலிருந்து கற்றது, அதிலும் திறமைசாலிகள் எப்படிப் பேசினார்கள் என்பதை உன்னிப்பாகப் பிடித்துக்கொண்டது. கோபமாக வரும் வாடிக்கையாளரை எப்படித் தணிப்பது, எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்பதெல்லாம் யாரும் கையேட்டில் எழுதிவைக்காத அனுபவ அறிவு. அதைக் கருவி சேர்த்தெடுத்துப் புதியவரின் கையில் கொடுத்தது. புதியவரின் மதிப்பு கூடியது. ஆனால் அதே அறிவு வாடிக்கையாளருக்கே நேராகப் போய்ச் சேர முடியும் என்றால், நடுவில் ஒரு புதியவர் எதற்கு என்று நிறுவனம் கேட்கத் தொடங்கும். (யாருடைய பேச்சிலிருந்து கருவி கற்றதோ அந்தத் திறமைசாலிகளுக்கு அதற்காகத் தனியாக எதுவும் கொடுக்கப்படவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.)

'எந்த வேலை போகும், எந்த வேலை தப்பும்' என்ற கேள்வியிலேயே நம்முடைய பேச்சு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. ஒரு தொழிலில் நுழைபவர் முதல் சில ஆண்டுகளில் செய்யும் எளிய, சலிப்பான வேலைகள்தாம் அவரை நிபுணராக்குகின்றன. இயந்திரம் முதலில் எடுத்துக்கொள்வதும் அவற்றைத்தான். அப்புறம், இயந்திரம் செய்ததைச் சரிபார்க்கத் தெரிந்தவர் எங்கிருந்து வருவார்?

தொழிலுக்குள் இருக்கும் பணிகள்

2013-ல் ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் கார்ல் ஃபிரேயும் மைக்கேல் ஆஸ்போர்னும் அமெரிக்க வேலைகளில் 47 சதவீதம் தானியங்கி இயந்திரங்களிடம் போகும் அபாயத்தில் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். உலகம் முழுவதும் அந்த எண் பரவியது. மூன்று ஆண்டுகள் கழித்து, பெரும்பாலும் வசதியான நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடிக்காகச் செய்யப்பட்ட இன்னொரு கணக்கு, 21 நாடுகளின் சராசரி வெறும் 9 சதவீதம் என்றது. இவ்வளவு பெரிய வித்தியாசத்துக்குக் காரணம் எளிது. முதல் கணக்கு ஒவ்வொரு தொழிலையும் ஒரே பொருளாக எடுத்துக்கொண்டது. இரண்டாவது, அந்தத் தொழிலில் இருப்பவர்கள் அன்றாடம் என்னென்ன செய்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்தது. கணக்கர் என்றால் எண்களைக் கூட்டுபவர் மட்டுமா? வாடிக்கையாளரிடம் பேசுகிறார், ஏதோ இடிக்கிறதே என்று சந்தேகப்படுகிறார், வரி அதிகாரிக்கு விளக்கம் சொல்கிறார். ஒரு பணி போனால் தொழிலே போய்விடும் என்பதில்லை.

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானபோது மாறியது, எந்தப் பணிகள் இயந்திரத்துக்கு எட்டும் என்ற எல்லை. அதற்கு முந்தைய கணினி மயமாக்கலில், ஒரு வேலையை விதிகளாக எழுத முடிந்தால்தான் அதைக் கணினியிடம் ஒப்படைக்க முடியும். சம்பளம் கணக்கிட விதி உண்டு. நல்ல மன்னிப்புக் கடிதம் எழுத விதி கிடையாது. சாட்ஜிபிடி போன்றவற்றை இயக்கும் பெரிய மொழி மாதிரிகள் விதியைக் கேட்பதில்லை, கோடிக்கணக்கான எடுத்துக்காட்டுகளைப் பார்த்துக் கற்கின்றன. அதனால் எழுதுவது, சுருக்குவது, பதில் சொல்வது, நிரல் எழுதுவது எல்லாம் ஒரேயடியாக அவற்றின் எல்லைக்குள் வந்துவிட்டன. குழாய் ரிப்பேர், மின் இணைப்பு, நோயாளியைத் தூக்கி உட்காரவைப்பது போன்ற கை வேலைகள் வெளியே நிற்கின்றன. படித்தவர்களின் வேலை பத்திரம், கைத்தொழில்தான் ஆபத்தில் இருக்கிறது என்று பல தலைமுறைகளாகச் சொல்லிவந்தது இப்போது தலைகீழாகியிருக்கிறது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கணக்குகளில் தாக்கம் அதிகமாகத் தெரியும் பிரிவு, அலுவலக எழுத்தர் வேலைகள். வசதியான நாடுகளில், தானியங்கி மயமாகும் வாய்ப்பு மிக அதிகமுள்ள வேலைகளில் இருப்போரின் பங்கு பெண்களில் 9.6 சதவீதம், ஆண்களில் 3.5 சதவீதம் என்று அது 2025-ல் மதிப்பிட்டது. பெண்கள் அதிகமாக இருக்கும் வேலை என்பதாலோ என்னவோ, நிரலாளர்களைப் பற்றி நடக்கும் விவாதத்தில் பத்தில் ஒரு பங்குகூட எழுத்தர்களைப் பற்றி நடப்பதில்லை.

ரேடியாலஜிஸ்டுகள் ஏன் இன்னும் இருக்கிறார்கள்

கணினியியலாளர் ஜெஃப்ரி ஹின்டன் 2016-ல், எக்ஸ்-ரே, ஸ்கேன் படங்களைப் படித்து நோயைக் கண்டறியும் மருத்துவர்களான ரேடியாலஜிஸ்டுகளுக்குப் பயிற்சி தருவதை இப்போதே நிறுத்திவிட வேண்டும், ஐந்து ஆண்டுகளில் இயந்திரம் அவர்களைவிட நன்றாக ஸ்கேன் படிக்கும் என்றார். பின்னாளில் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர் அவர். சும்மா சொன்ன வார்த்தை கிடையாது. இயந்திரங்களும் உண்மையிலேயே வந்தன. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்த செயற்கை நுண்ணறிவு மருத்துவக் கருவிகள் 1,000-ஐத் தாண்டிவிட்டன, அவற்றில் பெரும்பகுதி ரேடியாலஜிக்கானவை. ஆனால் பல நாடுகளில் இன்றும் ரேடியாலஜிஸ்டுகளுக்குத் தட்டுப்பாடுதான்.

காரணம், படத்தில் கட்டியைக் கண்டுபிடிப்பது அவருடைய நாளில் ஒரு பகுதி மட்டும். எந்த ஸ்கேன் தேவை என்று முடிவுசெய்வது, பழைய படங்களோடு ஒப்பிடுவது, அறுவை மருத்துவரோடு விவாதிப்பது, ஊசி வைத்துத் திசு எடுப்பது, கடைசியில் அறிக்கையில் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்பது என்று மீதி நிறைய இருக்கிறது. தவிர, ஸ்கேன் படிப்பது வேகமானபோது ஸ்கேன்களின் எண்ணிக்கையும் கூடிக்கொண்டே போனது.

இந்தத் துறையில் நன்றாக வடிவமைக்கப்பட்ட ஒரு சோதனை ஸ்வீடனில் நடந்தது. 80,000-க்கும் மேற்பட்ட பெண்களின் மேமோகிராம்கள், அதாவது மார்பகப் புற்றுநோயைக் கண்டறிய எடுக்கும் எக்ஸ்-ரே படங்கள். அங்கே வழக்கமாக ஒவ்வொரு படத்தையும் இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்ப்பார்கள். சோதனையில் ஏறக்குறைய பாதிப் பெண்களின் படங்களை அப்படியே பார்த்தார்கள், மற்ற பாதியில் கருவி ஒவ்வொரு படத்துக்கும் ஓர் ஆபத்து மதிப்பெண் போட்டது. மதிப்பெண் குறைவாக இருந்தால் ஒரு மருத்துவர், அதிகமாக இருந்தால் இருவர். 2023-ல் வந்த முதல்கட்ட முடிவின்படி, படம் படிக்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது. கண்டுபிடிக்கப்பட்ட புற்றுநோய்கள் வழக்கமான குழுவில் 203, கருவி இருந்த குழுவில் 244. மருத்துவரை விலக்காமல், அவருடைய கவனம் எங்கே தேவையோ அங்கே திருப்பிவிட்டார்கள். செயற்கை நுண்ணறிவை இப்படிப் பயன்படுத்துவதை நான் மனதார வரவேற்கிறேன்.

ஆனால் இதே மருத்துவத்திலிருந்து வந்த இன்னொரு செய்தியை மறக்க முடியவில்லை. போலந்தில் பெருங்குடலைக் கேமரா மூலம் பார்க்கும் கொலோனோஸ்கோபி பரிசோதனையில், புற்றாக மாறக்கூடிய சிறு கட்டிகளைச் சுட்டிக்காட்டும் கருவியை நான்கு மையங்களில் கொண்டுவந்தார்கள். சில மாதங்கள் கழித்து, கருவி இல்லாமல் நடந்த பரிசோதனைகளை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். கருவி வருவதற்கு முன்பு 28.4 சதவீதப் பரிசோதனைகளில் அப்படிப்பட்ட கட்டிகள் கண்டுபிடிக்கப்பட்டிருந்தன. வந்த பிறகு, கருவி இல்லாத நேரங்களில், அது 22.4 சதவீதமாக இறங்கியிருந்தது. இவர்கள் ஆயிரக்கணக்கான பரிசோதனைகள் செய்து பழகிய மருத்துவர்கள். கருவிதான் முழுக் காரணம் என்று இந்த ஓர் ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அனுபவசாலிகளின் கண்ணே சில மாதங்களில் மழுங்கக்கூடும் என்றால், தொடக்கத்திலிருந்தே கருவியோடு மட்டும் பழகுபவரின் கண் கூர்மையாவது எப்போது?

நிரலாளர், வழக்கறிஞர்

மென்பொருள் துறையில் ஆய்வு முடிவுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. நிரல் எழுத உதவும் கிட்ஹப் கோபைலட் என்ற கருவி வந்த புதிதில் நடந்த ஒரு சோதனையில், சிறிய, தனியான ஒரு நிரலை எழுதச் சொன்னபோது கருவி வைத்திருந்தவர்கள் 55 சதவீதத்துக்கும் மேல் வேகமாக முடித்தார்கள். 2025-ல் மெட்ர் என்ற ஆய்வு அமைப்பு, 16 அனுபவசாலிகளை, அவர்களே பல ஆண்டுகளாகப் பராமரித்துவரும் பெரிய திறந்தமூல (நிரலை யாரும் பார்க்கக்கூடிய) மென்பொருள்களில் வேலை செய்யவிட்டது. கருவியைப் பயன்படுத்தியபோது அவர்களுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. இன்னும் வியப்பு, வேலை முடிந்த பிறகும் தாங்கள் 20 சதவீதம் வேகமாகச் செய்ததாகவே அவர்கள் நம்பினார்கள். அவை 2025-ன் தொடக்கத்தில் இருந்த கருவிகள், பிறகு வந்தவை இன்னும் திறமையானவை. ஆனாலும் வேகமாகிவிட்டோம் என்ற உணர்வை நம்பிக் கணக்குப் போடக்கூடாது என்பது அந்த ஆய்விலிருந்து தெரிகிறது.

இரண்டு முடிவுகளுக்கும் நடுவே இருப்பது சரிபார்க்கும் வேலை. சின்ன நிரல் ஓடுகிறதா என்று நொடியில் பார்த்துவிடலாம். பத்து லட்சம் வரிகள் கொண்ட மென்பொருளில் ஒரு மாற்றம் வேறெங்கே போய் இடிக்கும் என்று சொல்ல, அதை வருடக்கணக்கில் தெரிந்தவர் வேண்டும். அந்தத் தெரிதல் சின்னச் சின்னப் பிழைகளைத் திருத்தித் திருத்தி வந்தது. இன்று ஜூனியர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்த அந்தச் சின்னப் பிழைகள்தாம் கருவிகளுக்கு முதலில் போகின்றன.

வழக்கறிஞர் தொழிலில் சரிபார்க்காததன் விலை நீதிமன்றப் பதிவாகவே இருக்கிறது. ஏவியாங்கா விமான நிறுவனத்துக்கு எதிரான ஒரு வழக்கில், சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய முன்தீர்ப்புகளை நியூயார்க் வழக்கறிஞர்கள் மனுவில் சேர்த்தார்கள். அவை உண்மைதானா என்று அதே சாட்ஜிபிடியிடமே கேட்டார்கள், அதுவும் உண்மை என்றது. 2023 ஜூனில் நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். அதன் பிறகும் பல நாடுகளில் இதே தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. மொழி மாதிரி, அடுத்து எந்தச் சொல் வரப் பொருத்தம் என்று கணித்து எழுதுவது. உண்மையான தீர்ப்பும் கற்பனைத் தீர்ப்பும் அதற்கு ஒரே மாதிரியான சரளத்தோடு வரும். வாசிப்பவருக்குச் சந்தேகம் வர வேண்டுமானால் அவர் நூற்றுக்கணக்கான உண்மையான தீர்ப்புகளைப் படித்திருக்க வேண்டும். ஆவணக் குவியலை உட்கார்ந்து படிப்பது இதுவரை இளம் வழக்கறிஞர்களின் வேலையாக இருந்தது.

பொறுப்பு யாருடையது என்பதில் மட்டும் தீர்ப்பாயங்கள் தெளிவாக இருக்கின்றன. ஏர் கனடாவின் சாட்பாட், உறவினர் இறந்ததற்காகப் பயணம் செய்த ஒருவருக்குக் கட்டணச் சலுகை பற்றித் தவறான தகவல் தந்தது. அது தனியான ஒன்று, அதன் பேச்சுக்கு அதுவே பொறுப்பு என்பதுபோல நிறுவனம் வாதாடிப் பார்த்தது. 2024 பிப்ரவரியில் கனடாவின் ஒரு தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை, நிறுவனமே பணத்தைத் தர வேண்டியதாயிற்று. சொன்னது இயந்திரமானாலும் பொறுப்பு மனிதருடையது என்றால், பொறுப்பேற்கத் தகுதியான மனிதர்கள் தேவை.

மற்ற தொழில்களில் இதே கதை வேறு வேறு வேகத்தில் நடக்கிறது. மொழிபெயர்ப்பாளர்களுக்கு இது பழகிப்போன விஷயம். இயந்திரம் பெயர்த்ததைத் திருத்திக் கொடுக்கும் வேலை வருகிறது, சொல்லுக்கு இவ்வளவு என்ற கூலி குறைகிறது, ஆனால் மூலத்தையும் பெயர்ப்பையும் வரிவரியாகப் படிக்கும் உழைப்பு குறைவதில்லை. ஆசிரியர்களுக்கு, மாணவர் கொடுத்த கட்டுரையை யார் எழுதியது என்று பார்ப்பதே ஒரு புதிய வேலையாகிவிட்டது. ஹாலிவுட் திரைக்கதை எழுத்தாளர்கள் 2023-ல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து, செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தும்படி தங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினார்கள். சங்கம் வலுவாக உள்ள தொழிலில் அது முடிந்தது.

புதிதாகப் பிறந்த வேலைகளும் உண்டு. ஆனால் எல்லாமே நல்ல வேலை என்று சொல்லிவிட முடியாது. மொழி மாதிரி அருவருப்பானவற்றைப் பேசாமலிருக்க, அப்படிப்பட்ட எழுத்துகளை மனிதர்கள் படித்து வகைப்படுத்த வேண்டியிருந்தது. சாட்ஜிபிடிக்காகக் கென்யாவில் அதைச் செய்தவர்களுக்கு மணிக்கு 2 டாலருக்கும் குறைவாகக் கொடுக்கப்பட்டது என்பது 2023 ஜனவரியில் வெளியே வந்தது.

மொத்தக் கணக்கும் தனி மனிதரும்

முன்பும் இப்படித்தான் பயந்தோம், ஒன்றும் ஆகவில்லை என்பவர்கள் ஏடிஎம்மைக் காட்டுவார்கள். அமெரிக்காவில் ஏடிஎம் பரவிய காலத்தில் வங்கிக் காசாளர்களின் எண்ணிக்கை குறையவில்லை. கிளை நடத்தும் செலவு குறைந்ததால் வங்கிகள் அதிகக் கிளைகளைத் திறந்தன. உண்மைதான். ஆனால் கைப்பேசியில் வங்கிச் சேவை வந்த பிறகு, கிளைக்குப் போகும் தேவையே குறைந்து, அந்த வேலை சரிய ஆரம்பித்தது. முதல் கருவி வேலையின் ஒரு பகுதியை எடுத்தது, இரண்டாவது அந்த வேலைக்கான காரணத்தையே எடுத்துவிட்டது.

எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுவது தொலைபேசி ஆபரேட்டர்களின் வரலாறு. 1920-களில் அமெரிக்க இளம்பெண்களுக்கு மிகப் பெரிய வேலைவாய்ப்புகளில் ஒன்று அது. தானியங்கி இணைப்பகம் வந்து நகரம் நகரமாக அந்த வேலை மறைந்தது. பொருளியலாளர்கள் ஜேம்ஸ் ஃபைகன்பாமும் டேனியல் கிராஸும் பழைய மக்கள்தொகைப் பதிவுகளைத் தேடி, அடுத்து வந்த தலைமுறைப் பெண்கள் தட்டச்சர், செயலர் போன்ற வேலைகளுக்குப் போய்விட்டதைக் கண்டார்கள். மொத்த வேலைவாய்ப்பு அடிவாங்கவில்லை. ஆனால் மாற்றம் வந்தபோது ஏற்கெனவே ஆபரேட்டராக இருந்தவர்கள், பத்தாண்டு கழித்தும், வேலையில்லாமலோ குறைந்த கூலி வேலையிலோ இருப்பதற்கான வாய்ப்பு அதிகமாக இருந்தது. மொத்தக் கணக்கு சமமாகிவிட்டது என்பது, வேலையை இழந்த அந்தப் பெண்ணுக்கு ஒரு பதிலே கிடையாது.

இப்போதைய நிலவரம் இன்னும் கலங்கலாகவே இருக்கிறது. டென்மார்க்கில் 11 தொழில்களைச் சேர்ந்த 25,000 பேரை ஆராய்ந்தவர்கள், சம்பளத்திலோ வேலை நேரத்திலோ கவனிக்கத்தக்க மாற்றம் எதையும் காணவில்லை. மிச்சமான நேரம் சராசரியாக 3 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. அமெரிக்க இளைஞர்களின் வேலைச் சரிவுக்கு வட்டி விகித உயர்வையும், பெருந்தொற்றுக் காலத்தில் அளவுக்கு மீறி ஆள் எடுத்ததையும் காரணமாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நிறுவனங்களுக்கு, இருப்பவரை வெளியே அனுப்புவதைவிடப் புதியவரை எடுக்காமல் விடுவது சுலபம். எடுக்கப்படாதவர் எந்த ஆட்குறைப்புப் பட்டியலிலும் வரமாட்டார். இந்தப் பாதிப்பு மொத்தக் கணக்குகளில் தெரிய நாளாகும் என்றே நினைக்கிறேன்.

கருவியோடு கற்க முடியுமா

முடியும், ஆனால் கருவியை எப்படி வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. துருக்கியில் ஏறக்குறைய 1,000 பள்ளி மாணவர்களுக்குக் கணக்குப் பாடத்தில் ஒரு சோதனை நடந்தது. ஒரு குழுவுக்குக் கேட்டதற்கெல்லாம் விடை சொல்லும் வழக்கமான சாட்பாட். இன்னொன்றுக்கு, விடையை நேராகச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி மாற்றப்பட்டது. பயிற்சிக் கணக்குகளில் இரு குழுக்களும் நன்றாகவே முன்னேறின. பிறகு கருவி இல்லாமல் தேர்வு வைத்தபோது, வழக்கமான சாட்பாட் வைத்திருந்தவர்கள், கருவியையே பார்க்காதவர்களைவிட 17 சதவீதம் மோசமாகச் செய்தார்கள். குறிப்பு மட்டும் பெற்றவர்களிடம் அந்தச் சரிவு பெருமளவு இல்லை.

முதலில் சொன்ன வாடிக்கையாளர் சேவை ஆய்விலும் இதற்கு ஒரு தடயம் இருக்கிறது. கருவி பழுதாகி நின்றுபோன நேரங்களில்கூட, அதோடு பழகியிருந்த ஊழியர்கள் முன்பைவிட நன்றாகவே வேலை செய்தார்கள். அங்கே கருவி யோசனை மட்டும்தான் தந்தது. படித்து, எடுப்பதா விடுவதா என்று முடிவுசெய்து, வாடிக்கையாளரிடம் பேசியது ஊழியர்தான். போலந்து மருத்துவர்களின் திரையில், தேடும் வேலையையே கருவி செய்துகொண்டிருந்தது.

ஆகவே பயிற்சிக் காலத்தில் இருப்பவர் ஸ்கேனைத் தானே பார்த்து அறிக்கை எழுதிவிட்டு, பிறகுதான் கருவியின் கருத்தைத் திறக்கலாம். இளம் நிரலாளர் பிழை எங்கே என்று தன் ஊகத்தை எழுதிவைத்துவிட்டுப் பிறகு கருவியிடம் கேட்கலாம். இதற்கெல்லாம் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை, நேரம்தான் தேவை. அந்த நேரத்துக்குக் காசு கொடுப்பது யார் என்பதுதான் சிக்கல். இத்தனை காலமும் வாடிக்கையாளர்கள் தங்களுக்குத் தெரியாமலே அதைக் கொடுத்துவந்தார்கள். வழக்கறிஞர் அலுவலகம் அனுப்பும் பில்லில் ஜூனியர் ஆவணம் படித்த மணி நேரங்களும் இருக்கும், அதற்குள் அவருடைய பயிற்சிச் செலவு ஒளிந்திருக்கும். கருவி சில நிமிடங்களில் முடிக்கும் வேலைக்கு இனி யாரும் அந்தப் பில்லைக் கட்டமாட்டார்கள்.

மருத்துவத்தில் மட்டும் பல நாடுகள் இதற்கு ஏற்கெனவே வழி வைத்திருக்கின்றன. பட்டம் பெற்ற இளம் மருத்துவர், மூத்தவரின் கண்பார்வையில் பல ஆண்டுகள் சம்பளத்தோடு பயிற்சி பெறுகிறார், அதில் பெரும்பகுதிக்கு அரசு செலவழிக்கிறது. சட்டம், கணக்கியல், மென்பொருள், மொழிபெயர்ப்பு ஆகிய தொழில்களில் அப்படிப்பட்ட ஏற்பாடு மிகக் குறைவு, ஏனென்றால் வேலையே பயிற்சியாக இருந்தது. இனி அந்தப் பயிற்சிக்கு நிறுவனங்களோ தொழிற்சங்கங்களோ அரசோ தனியாகப் பணம் ஒதுக்க வேண்டியிருக்கும். இன்று நாற்பது வயதில் இருக்கும் நிபுணர்கள் ஓய்வுபெற இன்னும் இருபது ஆண்டுகள்தான் இருக்கின்றன. அவர்களின் இடத்துக்கு வர வேண்டியவர்கள் இந்த ஆண்டு வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.